மந்தைவெளிக்கு வேலி வேண்டாம்

லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் வாழும் அண்டை வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்டை வீட்டாரே,

போன மாதம் நம் புளோக்குகளில் ஒரு மனு சுற்றி வந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், சிலர் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். கார் நிறுத்துமிடத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கும் புல்தரையில் ஞாயிறுதோறும் வெளிநாட்டு ஊழியர்கள் வந்து உட்காருகிறார்கள். அதைத் தடுக்க அடர்த்தியாகச் செடி வைத்துக் கம்பி வேலி போட வேண்டும் என்பது அதன் சாரம். என் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. "ஏன் ஆன்ட்டி?" என்று கேட்ட பெண்ணுக்கு வாசலில் நின்றபடி ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் சொன்னால் போதாது என்பதால் உங்கள் எல்லாருக்கும்.

முன்பு ஒரு முறை இதே போன்ற மனுவில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது நாங்கள் இருந்த புளோக்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு புல்திட்டு இருந்தது. சத்தம், குப்பை, இரவில் பிள்ளைகள் தூங்க முடியவில்லை என்று எழுதினோம். எல்லாம் உண்மைதான். கேட்டபடியே வேலியும் செடியும் வந்தன. ஊழியர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். ஆனால் மாலையில் அதே புல்லில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கதை பேசும் மூன்று பாட்டிமாருக்கும் இடமில்லாமல் போனது. அதில் ஒருவர் எங்கள் மேல்மாடிச் சீனப் பாட்டி. நான் பேசும் மலாயும் அவர் பேசும் மலாயும் சேர்ந்தால் ஒரு முழு வாக்கியம் தேறாது. ஆனாலும் தினமும் அரைமணி நேரம் பேசுவோம். வேலி வந்தபிறகு அவரை மின்தூக்கியில்தான் பார்த்தேன், அதுவும் எப்போதாவது. கீழே இறங்க அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அதை எடுத்துவிட்டவர்களில் நானும் ஒருத்தி. அன்றிலிருந்து உறுத்துகிறது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தேன். வார்டில் சன்னலோரக் கட்டிலுக்கு எப்போதும் போட்டி இருக்கும். காற்றுக்காகக் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குளிர்சாதனம் போட்டு சன்னலை மூடிய பிறகும் அந்தக் கட்டிலைத்தான் கேட்டார்கள். வெளியே ஒரு மரம் தெரியும், அவ்வளவுதான். ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்தார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்தவர்கள் 23 பேர் என்று சோடி சேர்த்தார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலிநிவாரணி அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. தாதிகள் எழுதிவைத்த குறிப்புகளிலும் அவர்களைப் பற்றிய புகார் குறைவு. 1984-இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளிவந்தது. 46 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் உலகம் முழுக்க மருத்துவமனை கட்டுபவர்கள் சன்னலைப் பற்றி யோசிக்க இதுவும் ஒரு காரணமாயிற்று.

நம் ஊரில் ஈசூனில் உள்ள கூ டெக் புவாட் மருத்துவமனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் குளம், நடுவில் தோட்டம், மொட்டைமாடியில் காய்கறிப் பாத்தி. 2010-இல் திறந்தார்கள். உள்ளே வருகிறவரின் படபடப்பு குறைய வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். முதியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வும் இங்கே உண்டு. 59 பேர். பாதிப் பேரைத் தோட்ட வேலைக்கும் பூங்காவில் நடப்பதற்கும் அழைத்துப் போனார்கள், மூன்று மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மூன்று மாதம் மாதம் ஒரு முறை. மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில். ரத்தத்தைச் சோதித்தபோது, தோட்டத்துக்குப் போனவர்களிடம் அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 என்ற பொருள் குறைந்திருந்தது. 2018-இல் முடிவுகள் வெளியாயின. அதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. மற்றவர்களோடு ஒட்டுறவு இருக்கிறது என்ற உணர்வும் அவர்களுக்குக் கூடியிருந்தது. மண்ணும் செடியும் தங்கள் வேலையைச் செய்திருக்கும், சேர்ந்து உட்கார்ந்ததும் தன் வேலையைச் செய்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்கவும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான ஆய்வும் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களிடம் வாதாட மனம் வரவில்லை. சிங்கப்பூர்வாசிகளிடம் விசாரித்து 2015-இல் வெளியிட்டார்கள். பூங்காவுக்குப் போவதற்கும் மனமகிழ்ச்சிக்கும் இங்கே குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை என்றது அது. மேலை நாடுகளில் கிடைத்த முடிவு வெப்பமண்டல நகரம் ஒன்றில் கிடைக்கவில்லை. நான் இதை நம்புகிறேன். 1963-இல் ஃபேரர் சதுக்கத்தில் லீ குவான் யூ ஒரு மரக்கன்றை நட்டார். (நம் ஃபேரர் பார்க் இல்லை, ஹாலந்து சாலைப் பக்கம். ஒரே மனிதரின் பெயரை இரண்டு இடங்களுக்கும் வைத்துவிட்டார்கள்.) 1967-இல் 'பூந்தோட்ட நகரம்' என்றார். 1971-இலிருந்து ஆண்டுதோறும் மரம் நடு நாள் கொண்டாடுகிறோம். 2020-இல் பத்து லட்சம் மரங்கள் நடும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2030-க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்க வேண்டுமாம். சன்னலைத் திறந்தால் மரம், பேருந்தில் ஏறினால் மரம். அறுபது ஆண்டுகள் இப்படி வயிறாரச் சாப்பிட்டவர்களுக்கு இன்னொரு பிடி சோற்றில் ருசி தெரியாமல் போவதில் வியப்பில்லை. அந்த ஆய்வை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

ஆனால் பசித்தவரைக் கேட்க வேண்டும் அல்லவா?

நம் புல்தரையில் உட்காருகிறவர்கள் கிராஞ்சியிலிருந்தும் துவாஸிலிருந்தும் சுங்கை காடுட்டிலிருந்தும் வருகிறார்கள். தீவின் ஓரத்தில், தொழிற்பேட்டைகளுக்கு நடுவே இருக்கும் விடுதிகள். புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2021-இல் விதி வந்தது. அதற்கு முன் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் லாரி, பகல் முழுக்கக் கட்டுமானத் தளம், இரவில் அடுக்குக் கட்டில். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. அதற்கு முன் அந்த அளவு வெயில் 1983-இல் ஒரு முறைதான் பதிவாகியிருந்தது. அன்று நாம் மின்விசிறியின் கீழே "அப்பப்பா" என்று உட்கார்ந்திருந்தோம். அவர்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு, வெப்பமும் ஈரப்பதமும் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கடின வேலை செய்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது நிழலில் ஓய்வு தர வேண்டும் என்று விதித்தது. நிழல் ஒரு மருந்து என்று அரசாங்கமே எழுதிவைத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் போனபிறகு கொஞ்ச காலம் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மருத்துவர் நடக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு ஆயிரம் முறை சொன்ன அதே அறிவுரை. எனக்குச் சொன்னபோது கோபம்தான் வந்தது. பிறகு ஃபேரர் பார்க் மைதானத்தில் காலையில் நடக்க ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை, அதனால் மாலையில் போனேன். புல் முழுக்க ஆட்கள். கைப்பையை இறுக்கிக்கொண்டுதான் நடந்தேன், உண்மையைச் சொல்கிறேன். செருப்பு வார் அறுந்து நின்றபோது ஒரு தம்பி எழுந்து வந்தார். பையிலிருந்து ஒரு கம்பித்துண்டை எடுத்து வாரைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். புதுக்கோட்டைப் பக்கம் என்றார். என்ன வேலை என்று கேட்டேன்.

"புல்லு வெட்டுற வேலைம்மா. மரமும் கழிப்போம். தீவு பூரா."

"அப்புறம் ஞாயித்துக்கிழமையும் புல்லுலயே வந்து உட்காருறீங்களே தம்பி, அலுக்கலையா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆறு நாளும் நின்னுக்கிட்டுப் பாக்குறதும்மா. இன்னைக்கி ஒருநாதான் உக்காந்து பாக்குறேன்."

அதன்பிறகு ஞாயிறு மாலைகளில் நான் அதிகம் கவனித்தேன். அங்கே என்ன நடக்கிறது? ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் புல்லில் வைத்துக்கொண்டு ஊருக்குக் காணொளியில் பேசுகிறார். குழந்தைக்கு வானத்தைக் காட்டுகிறார். நான்கு பேர் நாளிதழை விரித்து அதன்மேல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். ஒருவர் இன்னொருவருக்கு முடி வெட்டுகிறார். ஊரில் இறந்துபோன யாரைப் பற்றியோ சொல்லி ஒருவர் அழ, இருவர் தோளில் கை வைத்துப் பேசாமல் இருக்கிறார்கள். பலர் தூங்குகிறார்கள், முழு உடம்பையும் நீட்டி, முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு. அந்தத் தூக்கத்தை வார்டில் பார்த்திருக்கிறேன். வலி விட்ட பிறகு வரும் தூக்கம். அடுக்குக் கட்டிலில் அது வராது.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்து 2019-இல் வெளியிட்ட கணக்கொன்று சொல்கிறது: வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள், தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம். அதை ஒரே தடவையில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் சரிதான். அந்த இரண்டு மணி நேரத்தை இந்தத் தம்பிகள் நம் புளோக்குக்குக் கீழே கழிக்கிறார்கள். வாரத்தின் மிச்ச நாள்களில் அவர்களுக்கு அது கிடைக்கப்போவதில்லை.

"பூங்காதான் எத்தனையோ இருக்கிறதே, அங்கே போகட்டுமே" என்று என் தம்பி மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. தாவரவியல் பூந்தோட்டம் 1859-இலிருந்து இருக்கிறது, இலவசம்தான். ஆனால் அங்கே பணம் அனுப்பும் கடை கிடையாது. ஊர்க்காரர் கிடையாது, ஐந்து வெள்ளிக்கு வயிறு நிறையாது, வீரமாகாளியம்மன் கிடையாது. ஒரே ஒரு விடுமுறை நாளில் மளிகையும் கோயிலும் நண்பனும் நிழலும் ஒரே இடத்தில் வேண்டும். அந்த இடம் தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாதான்.

தேக்கா என்ற பெயரே பச்சையிலிருந்து வந்தது. ஹொக்கியன் மொழியில் 'தெக் கா' என்றால் மூங்கிலடி. ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில் புதர்கள் இருந்தனவாம். மலாய்க்காரர்கள் இந்த வட்டாரத்தைக் கண்டாங் கெர்பாவ் என்றார்கள், எருமைத் தொழுவம். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பிறந்த கேகே மருத்துவமனையின் இரண்டு எழுத்தும் அதுதான். பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் ஒரே எருமையின் இரண்டு பெயர்கள். புல்லும் தண்ணீரும் இருந்ததால் மாடு வந்தது. மாடு வந்ததால் மாட்டோடு வேலை செய்யத் தெரிந்த நம் முன்னோர் வந்தார்கள். லிட்டில் இந்தியா இங்கே உருவானதற்குப் புல்லும் ஒரு காரணம் என்று சொன்னால் அது மிகையில்லை.

என் அப்பா மதுரைப் பக்கம். ஊரில் 'மந்தை' என்று ஓர் இடம் இருக்கும் என்பார். காலையில் மாடுகள் கூடும் பொட்டல், மாலையில் மனிதர்கள் கூடும் பொட்டல். வழக்குத் தீர்ப்பதும் கூத்துப் பார்ப்பதும் சும்மா கிடப்பதும் அங்கேதான். சென்னையில் மந்தைவெளி என்று பேர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நம் ஃபேரர் பார்க்கும் ஒரு மந்தைவெளிதான். 1843-இல் அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. 1911-இல் சிங்கப்பூரின் முதல் விமானம் அங்கிருந்துதான் பறந்தது. பந்தயத்திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்கு மாறியபிறகு பொதுமக்கள் விளையாடும் மைதானமானது. 1942 பிப்ரவரி 17 அன்று, பிரிட்டிஷ் படை சரணடைந்த இரண்டாம் நாள், ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை அந்தப் புல்லில் கூட்டினார்கள். இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி அங்கே அவர்களிடம் பேசினார்கள். வீட்டைவிட்டுக் கடல் கடந்து வந்த ஆண்கள் அந்தப் புல்லில் உட்கார்ந்து, இனி என்ன என்று யோசித்தது அதுதான் முதல் தடவையா என்ன?

2013 டிசம்பர் 8 அன்று இங்கே கலவரம் வெடித்த இரவை நான் மறக்கவில்லை. ரேஸ் கோர்ஸ் சாலையில் எரிந்த வாகனங்களின் வாசம் எங்கள் மாடிவரை வந்தது. உங்களில் சிலருக்கு இன்னும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த இரவுதான் ஞாபகம் வருகிறது என்று தெரியும். அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் மதுக் கட்டுப்பாடு வந்தது, விளக்குகள் கூடின, 2015-இல் தனிச்சட்டமே வந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனையோ ஞாயிறுகள் அமைதியாகப் போயிருக்கின்றன. அவற்றையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு ஞாபகமும் உண்டு. 2020 ஏப்ரலில் கொவிட் பரவலால் விடுதிகள் மூடப்பட்டன. மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் உள்ளே. அந்த ஞாயிறுகளில் நம் புல் காலியாக இருந்தது. குப்பை இல்லை, சத்தம் இல்லை. மனுவில் கேட்டதெல்லாம் கிடைத்தது. நான் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருமே இல்லாத அந்தப் பச்சையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், வாரத்துக்கு 500 பேர் என்று சோதனை முறையில் விட்டார்கள். குறிப்பிட்ட இடங்கள், சில மணி நேரம். நாமும் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்திருந்தோம். ஆனால் நாம் நடக்கப் போகலாம் என்று விட்டிருந்தார்கள். பூங்காக்களில் அப்போது எவ்வளவு கூட்டம், நினைவிருக்கிறதா? நமக்குக் கொஞ்சநாள் மூச்சு முட்டியபோது எங்கே ஓடினோம் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

குப்பைக்கு வருகிறேன். குப்பை இருக்கிறது. ஞாயிறு இரவு பத்து மணிக்குப் புல்லில் சோற்றுத்தாளும் பிளாஸ்டிக் பையும் கிடப்பதை நானும் பார்க்கிறேன். அதே நேரம் பக்கத்துத் தொட்டிகள் வழிந்துகொண்டிருப்பதையும் பார்க்கிறேன். சில ஆயிரம் பேர் வந்து போகும் நாளில், சில நூறு பேருக்கு வைத்த தொட்டிகள். சிறுநீர் வாடையும் இருக்கிறது. அருகில் கழிவறை எங்கே என்று நீங்களே ஒரு ஞாயிறு தேடிப் பாருங்கள். இவையெல்லாம் பெரிய தொட்டியாலும் கழிவறையாலும் தீரும் குறைகள். நள்ளிரவுச் சத்தம் தீர நேரம் வகுத்து, அவர்கள் மொழியிலேயே ஒரு பலகை வைத்து, கேட்டுப் பார்க்கலாம். வேலி இதில் எதையும் தீர்க்காது. கூட்டத்தை அடுத்த புளோக்குக்குத் தள்ளும், அங்கேயும் ஒரு மனு கிளம்பும்.

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஃபேரர் பார்க் வட்டாரத்தில் சுமார் பத்து ஹெக்டர் நிலத்தில் சுமார் 1,600 வீவக வீடுகள் வரப்போவதாக 2021-இல் அறிவித்தார்கள். வீடு வேண்டும், அதை நான் எதிர்க்கவில்லை. என் அண்ணன் மகளே வீட்டுக்கு வரிசையில் நின்றவள். நடுவில் பெரிய திறந்தவெளி விடுவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது எப்படிப்பட்ட திறந்தவெளி என்பதில்தான் நம் குரல் சேர வேண்டும். பார்ப்பதற்கு மட்டுமான பூச்செடிப் பாத்தியா, உட்காரக்கூடிய புல்லா? இரண்டாள் உயரக் குட்டை மரமா, இருபது பேருக்கு நிழல் தரும் மரமா? மரம் நிழலால் மட்டும் குளிர்விப்பதில்லை. வேரிலிருந்து எடுத்த நீரை இலைவழி ஆவியாக்கிச் சுற்றியுள்ள காற்றின் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. நம் தீவில் கட்டடங்கள் நெருக்கமான பகுதிக்கும் லிம் சூ காங் போன்ற மரமடர்ந்த ஓரத்துக்கும் இரவில் ஏழு டிகிரி வரை வித்தியாசம் அளந்திருக்கிறார்கள். சிராங்கூன் சாலைக் கடைவீடுகளுக்கு நடுவில் இருக்கும் நமக்கு அந்த மைதானத்தின் ஒவ்வொரு பெரிய மரமும் வேண்டும். தம்பிகளுக்காகக் கேட்பது நமக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்தில் நான் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். வேலிக்குப் பதில் நான்கு பெரிய தொட்டி, ஒரு கழிவறை, ஒரு தண்ணீர்க் குழாய், நிழல் மரம் என்று கேட்கப்போகிறேன். எங்கள் சமூகத் தோட்டத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் இருக்கின்றன. ஞாயிறு காலை அதன் கதவைத் திறந்துவைக்கலாமா என்றும் கேட்பேன். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நம்மைவிட நிறையப் பேர் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர்களும் வாருங்கள். மறுத்துப் பேசினாலும் வந்து பேசுங்கள், கேட்கிறேன்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். மைதான ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது, தெரியுமல்லவா? அதுவும் தென்னமெரிக்கப் பக்கமிருந்து வந்த மரம்தான், 1876-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். மலாய்க்காரர்கள் 'ஐந்து மணி மரம்' என்பார்கள். அந்தி சாயும் நேரத்தில் இலைகளை மூடிக்கொள்ளும். மழை வந்தால் நேராகக் கீழே புல்லில் விழும், அதனால் அதன் அடியில் புல் எப்போதும் பச்சையாகவே இருக்கும். அடுத்த நான்கு ஞாயிறும் மாலை நாலரை மணிக்கு நான் அங்கே இருப்பேன். பாய் என்னிடம் இருக்கிறது, பெரிய பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீரும் இருக்கும். கோப்பை மட்டும் ஆளுக்கொன்று கொண்டு வாருங்கள். புதுக்கோட்டைத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் அண்டை வீட்டுக்காரி,
ஓய்வுபெற்ற தாதி